70 வளைவு தாண்டாத எஸ்டிமேட்!

'எஸ்டிமேஷன் அண்ட் காஸ்டிங்' பேப்பர்ல நீங்க எவ்வளவு? நான் 84. அந்த மார்க்கை நம்பி மாட்டிக்கிட்ட கதைதான் இந்த வாரம்.

லீவுல நான் இன்டர்ன்ஷிப் போன ஆபீஸுக்கு, கொல்லிமலை ஸ்கூல் ஒண்ணுல ரெண்டு கிளாஸ்ரூம் கட்டற வேலை வந்துச்சு. பணம் ஒரு டிரஸ்ட்டோடது. எஸ்டிமேட் போடற பொறுப்பு எனக்கு! அளவெல்லாம் பக்கா. ரேட்? நாமக்கல் ரேட்டை அப்படியே தூக்கிப் போட்டேன். டிரஸ்ட் சொன்ன தொகைக்குள்ள ரெண்டு ரூமும் அடங்கிடுச்சு. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

பேப்பரைப் பார்த்த மேஸ்திரி ஒரே கேள்விதான் கேட்டார். "ஏன் தம்பி, ஜல்லி பறந்தா வரும்?"

அடிவாரம் காரவள்ளியில இருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவு பாஸ்! நீளமான லாரி திரும்பறது கஷ்டம். சின்ன வண்டியிலதான் ஏத்தணும். ஒரு கணக்குக்கு வெச்சுக்குங்க... கீழே 10 டன் லோடுக்கு வாடகை 5,000 ரூபாய்னா, டன்னுக்கு 500. மேலே 4 டன்னுக்கே 4,400 ஆச்சுன்னா, டன்னுக்கு 1,100. கூடுதல் 600 ரூபாய்.

இங்கேதான் ட்விஸ்ட். கம்பி டன் 60,000 ரூபாய்னா இந்த 600 வெறும் 1 சதவீதம். ஜல்லி டன் 1,000 ரூபாய்னா அதே 600 ரூபாய் 60 சதவீதம்! விலை கம்மி, வெயிட் அதிகம்னு இருக்கற பொருள்தான் மலையில நம்மைக் கவுக்கும். கீழேயிருந்து வர்ற கொத்தனார், சித்தாளுக்குத் தங்க இடம், சாப்பாடு, மழையில வேலை நிக்கற நாள்... இதெல்லாம் தனி.

மத்தியப் பொதுப்பணித் துறையோட ரேட் புத்தகம் டெல்லி விலையில போட்டது. வேற ஊர்னா அந்த ஊரோட 'காஸ்ட் இண்டெக்ஸ்' வெச்சுத் திருத்துவாங்க. அடிப்படை 100, உங்க ஊர் 107னா, 7 சதவீதம் ஏத்தணும். ஆனா அது ஊர் சராசரி. மலைமேல இருக்கற சைட்டுக்கு 'லீட் ஸ்டேட்மென்ட்' வேணும். எந்தப் பொருள் எங்கேயிருந்து, எத்தனை கிலோமீட்டர்னு தனித்தனியா எழுதணும். இன்னொண்ணு, சைட்ல இறக்கற விலையையே வாங்கிட்டீங்கன்னா, அதுமேல மறுபடி வண்டி வாடகை ஏத்தாதீங்க. டபுள் ஆயிடும்!

திருத்திப் போட்டேன். ரெண்டு ரூமுக்குப் பணம் பத்தலை. என் பழைய பேப்பரை நம்பி ஆரம்பிச்சிருந்தா, ரெண்டுமே சுவரோட நின்னிருக்கும். தலைமையாசிரியை அம்மாகிட்ட தலையைச் சொறிஞ்சுக்கிட்டே சொன்னேன். "கூரையோட ஒண்ணு கட்டிக் குடுங்க தம்பி, போதும். இன்னொண்ணை அடுத்த வருஷம் பார்ப்போம்"னாங்க.

அந்த இன்னொரு ரூம் இன்னும் என் கணக்குல பாக்கியாவே நிக்குது. அடுத்த முறை ரேட் எழுதறதுக்கு முன்னாடி, சைட்டுக்கு ஒரு தடவை பஸ் ஏறிப் போயிட்டு வாங்க ஃப்ரெண்ட்ஸ். ஒவ்வொரு வளைவா எண்ணிக்கிட்டே!