கோளாறு சுவருக்கு எந்தப் பக்கம்?

வீட்டிலுள்ள சாமான்களில் டெலிபோனைப் போல் பொறுமையுள்ளது வேறொன்றும் இல்லை. அம்மியும் ஆட்டுக்கல்லுங்கூட எப்போதாவது ஒரு முறை கொத்திவைக்கச் சொல்லிக் கேட்கும். டெலிபோனோ கூடத்து மூலையில் தூசி படிந்து வருஷக் கணக்காக உட்கார்ந்திருக்கும். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால், ஒரு நாள் அது மௌன விரதம் பூண்டுவிட்டால் போதும், வீட்டில் ஒரே அமர்க்களந்தான்!

இக்காலத்தில் டெலிபோனுடன் இண்டர்நெட்டும் சேர்ந்துகொண்டிருக்கிறது. இணைப்பு அறுந்தால் பையனுக்குப் பாடம் இல்லை. பெண்ணுக்கு ஆபீஸ் வேலை இல்லை. தாத்தாவுக்குச் சங்கீதக் கச்சேரி இல்லை. மற்ற எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத குடும்பத்தார் அந்த நிமிஷத்தில் ஒரே குரலில் கம்பெனிக்காரனை வைகிறார்கள்.

நாமும் வைதிருக்கிறோம். ஒரு தடவை மகா அநியாயமாகவே வைதிருக்கிறோம். அந்தக் கதையைச் சொல்லிவிட்டால் நம்முடைய மனப்பாரம் கொஞ்சம் குறையும். வாசகர்களுக்கும் ஓரளவு பிரயோஜனப்படும்.

* * *

நம்முடைய தமக்கையார் கும்பகோணத்தில் பழைய வீடு ஒன்றில் தனியாக வசிக்கிறார். வயது 78. கைபேசி ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அது பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே பத்திரமாக உறங்குகிறது. அவருக்கு நம்பிக்கை கூடத்து டெலிபோனில்தான். தினந்தோறும் இரவு எட்டு மணிக்கு நாம் கூப்பிடுவது வழக்கம். "சாப்பிட்டாயிற்றா?" என்று நாம் கேட்போம். "ஆயிற்று. நீ சாப்பிட்டாயா?" என்று அவர் கேட்பார். இதற்கு மேல் பெரிய சமாசாரம் ஒன்றும் இராது. ஆனாலும் அந்த இரண்டு வாக்கியம் கேட்காமல் இரவில் நமக்குத் தூக்கம் வராது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு நாள் எட்டு மணிக்குக் கூப்பிட்டபோது, யாருடனோ பேசிக்கொண்டிருப்பதற்கு அடையாளமான சத்தம் வந்தது. அரைமணி கழித்தும் அதே சத்தம். பத்து மணிக்கும் அதேதான். மறுநாள் காலையிலும் மாற்றம் இல்லை. தமக்கையார் நன்றாகப் பேசக்கூடியவர்தான். ஆயினும் பதினான்கு மணி நேரம் ஒருமுகமாகப் பேச அவராலும் முடியாது. வயிற்றில் புளியைக் கரைத்தது. அடுத்த வீட்டுக்காரருக்குச் சொல்லி அனுப்பினோம். "அம்மா சௌக்கியமாக இருக்கிறார், டெலிபோன்தான் செத்துக் கிடக்கிறது" என்று பதில் வந்தது.

கவலை நீங்கியதும் அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. பிராது வாங்கும் இடத்துக்குப் போன் செய்து, நமக்குத் தெரிந்த அலங்காரங்களையெல்லாம் சேர்த்து ஒரு பிரசங்கம் செய்தோம். மறுநாள் கொட்டுகிற மழையில் லைன்மேன் வந்தார். வாசற் கம்பத்தில் ஏறிப் பார்த்தார். கம்பி சரியாக இருந்தது. சுவரில் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தார், அதுவும் சரிதான். "அம்மா, வேறு எங்கேயாவது இன்னொரு போன் இருக்கிறதா?" என்று கேட்டார். மாடி அறையில் ஒன்று இருந்தது. விடுமுறைக்கு வந்த பேரன் அதை எடுத்து விளையாடிவிட்டு, ரிஸீவரைக் கட்டில்மேல் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான்! லைன்மேன் அதை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். அவ்வளவுதான் ரிப்பேர்.

அன்றிரவு எட்டு மணிக்குத் தமக்கையார் கேட்டார்: "ஏண்டாப்பா, அந்தப் பிள்ளையை நீ கண்டபடி பேசினாயாமே? பாவம், தெப்பமாக நனைந்து வந்தான். காப்பி கொடுத்து அனுப்பினேன்."

நமக்குப் பதில் சொல்ல வாய் எழவில்லை.

* * *

அன்றுதான் டெலிபோனின் சூக்ஷ்மத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் நமக்கு உண்டாயிற்று. விஷயம் சிரமமானதன்று. எக்ஸ்சேஞ்சிலிருந்து இரண்டு செப்புக் கம்பிகள் நம் வீட்டுக்கு வருகின்றன. அவற்றில் 48 வோல்ட் மின்சாரம் எப்போதும் காத்திருக்கிறது. ரிஸீவரை எடுத்தால் மின்சாரம் ஓடத் தொடங்கும். அதைக் கண்டு, "இந்த வீட்டில் யாரோ பேச விரும்புகிறார்கள்" என்று எக்ஸ்சேஞ்ச் அறிந்துகொள்ளும். ரிஸீவரை வைத்தால் ஓட்டம் நிற்கும். வைக்காமலே விட்டால், அந்த வீட்டார் இன்னும் பேசுவதாகவே எக்ஸ்சேஞ்ச் எண்ணிக்கொண்டிருக்கும். அதன்மேல் என்ன குற்றம்?

ஆகவே, கோளாறு என்று ஏற்பட்டவுடன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இது யார் குற்றம்?" என்பதன்று. "கோளாறு சுவருக்கு எந்தப் பக்கம் இருக்கிறது?" என்பதே. தெருக் கம்பி வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் வந்து சேரும் சிறு பெட்டி ஒன்று சுவரில் இருக்கும். அதுதான் எல்லைக் கல். வீட்டிலுள்ள எல்லா டெலிபோன்களையும் மோடத்தையும் கழற்றிவிட்டு, சாதாரணமான ஒரே ஒரு டெலிபோனை அந்த முதற் பெட்டியில் செருகிப் பாருங்கள். சத்தம் தெளிவாகக் கேட்டால் கோளாறு வீட்டுக்குள் இருக்கிறது. அப்புறம் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வந்தால் திருடன் அகப்பட்டுவிடுவான். அந்த முதற் பெட்டியிலும் கரகரப்போ மௌனமோ இருந்தால் கோளாறு வெளியில். தைரியமாகப் பிராது செய்யலாம்.

அடுத்த ஐப்பசியில் தமக்கையார் வீட்டு டெலிபோனில் அப்பளம் பொரிவது போன்ற சத்தம் கேட்டது. இந்தத் தடவை நாம் பிரசங்கம் செய்யவில்லை. அடுத்த வீட்டுப் பையனைக் கொண்டு மேற்சொன்ன பரீக்ஷையை நடத்திவிட்டு, "முதற் பெட்டியில் ஒரே கருவியை வைத்துப் பார்த்தாகிவிட்டது, இரைச்சல் அங்கேயும் இருக்கிறது, மழை பெய்தால் அதிகமாகிறது" என்று மட்டும் சொன்னோம். அதே லைன்மேன் வந்தார். நேரே கம்பத்துப் பெட்டிக்குப் போனார். அங்கே கம்பிகளைச் சேர்த்திருந்த முடிச்சில் ஈரம் இறங்கிப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அதை நறுக்கிப் புதிதாக இணைத்தார். வேலை அரைமணியில் முடிந்தது. இரண்டாவது காப்பியும் கிடைத்தது.

* * *

செப்புக் கம்பி வழியாகவே பிராட்பேண்ட் பெற்றுள்ள வீடுகள் இன்னும் சில உண்டு. அங்கே ஒரே கம்பியில் இரண்டு பிரயாணிகள். பேச்சு, விநாடிக்கு 4,000 அதிர்வுகளுக்குள் கீழ்த்தளத்தில் போகிறது. இண்டர்நெட் 25,000-க்கு மேல் மாடியில் போகிறது. இருவரையும் பிரித்து வைப்பதற்கு 'ஸ்பிளிட்டர்' என்ற சிறு டப்பி இருக்கிறது. டெலிபோன் மணி அடிக்கும்போதெல்லாம் இண்டர்நெட் அறுந்தால், அநேகமாக அந்த டப்பி கெட்டிருக்கும். அல்லது மாடி டெலிபோன் அதற்குள் அடங்காமல் நேரே மாட்டப்பட்டிருக்கும். அல்லது எங்கேயோ ஒரு முடிச்சு தளர்ந்திருக்கும்.

இன்னொரு விசித்திரம். சில சமயம் டெலிபோன் அடியோடு ஊமையாகிவிடும். இண்டர்நெட் மாத்திரம் நொண்டிக்கொண்டே வரும். "இண்டர்நெட் வருகிறதே, கம்பி எப்படி அறுந்திருக்கும்?" என்று நாம் வாதாடுவோம். ஆனால், இரண்டு கம்பிகளில் ஒன்று அறுந்தாலும் இப்படி நேரும். பேச்சுக்கு வேண்டிய மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டாது. வேகமான அதிர்வுகள் ஓரளவு தாண்டிவிடும். பிராது செய்யும்போது இந்த ஒரு குறிப்பைச் சொன்னால், கம்பத்தில் ஏறுகிறவருக்குப் பாதி வேலை மிச்சம்.

கண்ணாடி இழை வந்துவிட்ட வீடுகளில் சோதனை இன்னும் எளிது. மோடத்தில் 'பான்' என்ற விளக்கு நிலையாக எரிந்தால் தெருவிலிருந்து ஒளி வந்து சேருகிறது என்று அர்த்தம். 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் ஒளி வரவில்லை. அப்போது மோடத்தை எத்தனை முறை அணைத்து ஏற்றினாலும் பயன் இல்லை. இழை எங்கேயாவது அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியோ, முழங்கை போல் மடங்கியோ இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிக்குக் கூர்மையான வளைவு ஆகாது. ஆனால் இழையைக் கழற்றி அதன் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டாம். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாதது. தெரியாவிட்டாலும் கண்ணைக் கெடுக்கக்கூடியது.

விளக்குகளெல்லாம் ஒழுங்காக இருந்தும் இண்டர்நெட் இல்லையென்றால், மோடத்தை அணைத்து, நிதானமாக முப்பது வரை எண்ணி, மறுபடி ஏற்றுங்கள். அதுவும் ஒரு சிறு கம்ப்யூட்டர்தான். ஓயாமல் வேலை செய்து அதன் புத்தி குழம்பியிருக்கலாம். பின்புறத்தில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் இருக்கும். வீட்டிலுள்ள இளம் விஞ்ஞானிகள் அதில் குண்டூசியைச் செருகாதபடி பார்த்துக்கொள்வது நலம். அதை அழுத்திப் பிடித்தால் கணக்குப் பெயர், ரகசியச் சொல் முதலிய எல்லாமே அழிந்துபோய், சிறு கோளாறு பெருங் கோளாறாகிவிடும். பில் பணம் கட்டியாயிற்றா என்பதையும் இந்தச் சந்தர்ப்பத்தில் வீட்டு எஜமானரிடம் மெதுவாகக் கேட்டுவிடலாம்.

கடைசியில் வைபை. கம்ப்யூட்டரை ஒயர் மூலம் மோடத்தில் மாட்டிப் பார்த்தால் வேகமாக இருக்கிறது. கம்பியில்லாமல் மாத்திரம் ஊர்கிறது என்றால், கம்பெனி நிரபராதி. குற்றவாளி நடுச்சுவராக இருக்கலாம். மீன் தொட்டியாக இருக்கலாம். சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பாகவும் இருக்கலாம். அந்த அடுப்பும் பழைய ரக வைபையும் சுமார் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

* * *

வீட்டுக்குள் இருக்கும் கோளாறு வீட்டோடு நிற்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் அபர்ஹோசன் என்று ஒரு சிறு கிராமம். அங்கே ஒன்றரை வருஷ காலம், தினந்தோறும் காலை ஏழு மணிக்கு ஊர் முழுவதற்கும் பிராட்பேண்ட் கெட்டுப்போயிற்று. கம்பிகளையெல்லாம் மாற்றிப் பார்த்தார்கள், குணமில்லை. கடைசியில் பொறியாளர்கள் அதிகாலை ஆறு மணிக்கு, மழையில், மின் இரைச்சலைக் கண்டுபிடிக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தார்கள். சரியாக ஏழு மணிக்குக் கருவி அலறியது. ஒரு வீட்டில் பழைய டெலிவிஷன் பெட்டி ஒன்றை அந்த நேரத்தில் முடுக்குவது வழக்கம். அது கிளப்பிய மின் இரைச்சல்தான் ஊர் இணைப்பையே கெடுத்து வந்தது! 2020-ஆம் வருஷத்தில் இந்தச் செய்தி வெளியாயிற்று. விஷயம் தெரிந்ததும் அந்த வீட்டார் வெட்கிப் போய், இனி அந்தப் பெட்டியைத் தொடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். அவர்களை நாம் குறைகூற மாட்டோம். மாடி அறை ரிஸீவர் நமக்கு மறந்துவிடவில்லை.

இப்படிச் சொல்வதால் கம்பெனிக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். வீட்டுச் சோதனையை முடித்த பின் நமக்குப் பேச உரிமை உண்டு. உரத்துப் பேசவும் உரிமை உண்டு. 2012-ஆம் வருஷத்து 'டிராய்' விதிகளின்படி, பிராது கொடுத்தால் அதற்கு ஓர் எண் தர வேண்டும். பரிகாரம் திருப்தியாக இல்லாவிட்டால் அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். ஆகவே, எண்ணையும் தேதியையும் நேரத்தையும் காலண்டரிலேயே குறித்து வையுங்கள்.

* * *

தமக்கையார் வீட்டுக்கும் கண்ணாடி இழை வந்துவிட்டது. வந்த சில மாதங்களில் ஒரு புயல் இரவு. எட்டு மணிக்குக் கூப்பிட்டால் மணி போகவில்லை. பழைய பயம் திரும்பி வந்தது. ஆனால் காரணம் உடனே மனத்தில் பட்டது. செப்புக் கம்பி எக்ஸ்சேஞ்சிலுள்ள பாட்டரியிலிருந்து மின்சாரத்தைத் தானே கொண்டுவரும். ஊர் இருண்டாலும் டெலிபோன் பேசும். கண்ணாடி ஒளியைத்தான் கொண்டுவரும், மின்சாரத்தைக் கொண்டுவராது. வீட்டில் விளக்கு அணைந்தால் மோடம் அணையும். மோடம் அணைந்தால் டெலிபோனும் அணையும். இதை மாற்றும் நாளில் நமக்கு யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. வயதானவர்கள் தனித்திருக்கும் வீடுகளில் இதைக் கேட்காமல் இருப்பது பெரும் பிசகு.

மறுநாளே மோடத்துக்கு ஏற்ற வோல்ட்டில் சிறிய பாட்டரிப் பெட்டி ஒன்று வாங்கி அனுப்பினோம். இப்போது மின்சாரம் நின்றாலும் சில மணி நேரம் பேச்சு நிற்பதில்லை. சென்ற வாரம் ஒரு நாள் நாம் கூப்பிடப் பத்து நிமிஷம் தாமதமாயிற்று. டெலிபோன் தானே அடித்தது.

"ஏண்டாப்பா, மாடி போன் சரியாகத்தான் வைத்திருக்கிறது, நான் ஏறிப் பார்த்துவிட்டேன். உன் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்" என்றார் தமக்கையார்.