ஒட்டியதை எடுப்பதில் ஒரு நிதானம்

நடுத்தரக் குடும்பங்களில் கார் என்பது பல ஆண்டுச் சேமிப்பின் பலன். புதியது வாங்க இயலாதோர், ஏதேனும் ஒரு கடைக்கு ஓடிய பழைய வண்டியை விலை பேசி வாங்கி வருகின்றனர். வந்த மறுநாளே, கதவில் பெரிய எழுத்துக்களில் இருக்கும் கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் வீட்டாரின் கண்ணை உறுத்தத் தொடங்கிவிடும். வேறு சிலருக்குச் சட்டமே காரணமாகலாம். தனியார் வாகனங்களில் அரசுத் துறைகளின் பெயர்களையும் சின்னங்களையும் ஒட்டியிருப்போர் மீது 2024 மே மாதம் முதல் நடவடிக்கை எடுக்கப்படும் எனச் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது நினைவிருக்கலாம்.

காரணம் எதுவாயினும், கைக்கு முதலில் அகப்படுவது பிளேடுதான். அரைமணி நேரத்தில் ஸ்டிக்கர் போய்விடும். அதன் இடத்தில் விழுந்த கீறல்கள் போகா. அந்தக் கதவு முழுவதற்கும் பெயிண்ட் அடிக்கப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். பின்னாளில் வண்டியை விற்கப் போனால், மறுபடி பெயிண்ட் அடித்த கதவைக் காணும் வியாபாரி, விபத்தில் அடிபட்ட வண்டியோ என ஐயுற்று விலையைக் குறைப்பார். இத்தனை இழப்புக்கும் ஆளாகாமல், வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே ஸ்டிக்கரை அகற்றலாம். வேண்டியவை சிறிது வெப்பம், சிறிது எண்ணெய், நிறையப் பொறுமை.

முதலில் நாம் எதன்மீது கை வைக்கிறோம் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். காரின் இரும்புத் தகட்டின்மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற நிறமற்ற பூச்சு என நான்கு அடுக்குகள் உள்ளன. நான்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் கனமே இருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான். அதாவது, நாம் எழுதும் தாளின் கனத்தைவிடச் சற்றே கூடுதல். பளபளப்பைத் தரும் மேற்பூச்சு மட்டும் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். பிளேடின் முனைக்கு இது எம்மாத்திரம்?

ஒட்டியதை எடுக்கும்போது பெயிண்டும் உரிந்து வரும் தொல்லை இன்று நேற்று வந்ததன்று. 1920களில் அமெரிக்காவில் இரு நிறக் கார்கள் நாகரிகமாக இருந்தன. ஒரு நிறத்தை மறைத்து மற்றொன்றை அடிக்கத் தொழிலாளர்கள் தாளைப் பசை கொண்டு ஒட்டுவார்கள். அதை எடுக்கும்போது புதிய பெயிண்டும் உடன் வந்துவிடும். மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் இதைக் கண்ணுற்ற திரீ எம் நிறுவனப் பணியாளர் ரிச்சர்ட் ட்ரூ, எளிதில் விட்டுவரும் பசை தேடி முயன்று, 1925இல் மாஸ்கிங் டேப்பை உருவாக்கினார். பெயிண்ட் அடிப்போர் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகின்றனர். ஆனால் நம் கதவில் உள்ள ஸ்டிக்கரின் பசை அத்தகையதன்று. வெயிலிலும் மழையிலும் பல ஆண்டுகள் நிற்க வேண்டும் என்றே செய்யப்பட்டது. ஆகவே அதன் குணம் அறிந்தே அதை இளக்க வேண்டும்.

வெல்லப்பாகு காய்ச்சும் சகோதரிகளுக்கு இப்பசையின் குணத்தை விளக்கத் தேவையில்லை. சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். மெல்ல இழுத்தால் நீண்டு கொடுக்கும். வெடுக்கென்று இழுத்தால் எதிர்த்து நிற்கும். ஸ்டிக்கரை எடுக்கும் வழி முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

தொடங்குமுன் வண்டியை நிழலில் நிறுத்தி, ஷாம்பூ கலந்த நீரால் அவ்விடத்தைக் கழுவித் துடையுங்கள். ஒட்டியிருக்கும் மணல் துகள்களே பின்னர் கீறல்களாக மாறும். அடுத்து, பெயிண்ட் தொழிற்சாலையில் அடிக்கப்பட்டதா, பட்டறையில் மறுபடி அடிக்கப்பட்டதா என விசாரியுங்கள். தொழிற்சாலைப் பெயிண்ட் உலையில் சுட்டு இறுக்கப்பட்டது; எளிதில் உரியாது. பட்டறைப் பெயிண்ட், குறிப்பாகப் பிளாஸ்டிக் பம்பரில் அடித்தது, ஸ்டிக்கரோடு சேர்ந்து வந்துவிடக்கூடும். அத்தகைய இடத்தைத் தேர்ந்த பெயிண்டரிடம் விட்டுவிடுவதே நலம்.

இனி வெப்பம். தலைமுடி உலர்த்தும் ஹேர் டிரையர் போதுமானது. அதை ஒரு சாண் தொலைவில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் ஸ்டிக்கரின் ஓரத்தில் ஒரு நிமிடம்வரை அசைத்துக்கொண்டே இருங்கள். தகட்டைத் தொட்டால் கை பொறுக்கும் சூடு இருக்க வேண்டும். கையை இழுத்துக்கொள்ளும் அளவுக்குச் சூடேறக் கூடாது. ஹேர் டிரையர் இல்லாதோர், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பலமுறை மாற்றி மாற்றி ஒற்றலாம். பட்டறைகளில் உள்ள ஹீட் கன் 500 டிகிரிக்கு மேலும் சூடாக வல்லது. பழகாத கையில் அது பெயிண்டைக் கொப்புளிக்கச் செய்துவிடும்.

ஓரம் இளகியதும் நகத்தாலோ, காலாவதியான ஏ.டி.எம். அட்டையாலோ மெல்லக் கிளப்புங்கள். கிளம்பிய முனையை வெளிப்புறமாக இழுக்காமல், ஸ்டிக்கரின் மேலேயே மடித்து, உடலோடு ஒட்டினாற்போல் மெதுவாக இழுத்து வாருங்கள். எங்கே இறுகுகிறதோ அங்கே நிறுத்தி மீண்டும் சூடு காட்டுங்கள். பல ஆண்டு வெயிலில் காய்ந்து அப்பளமாய் நொறுங்கும் ஸ்டிக்கராயின், சிறு சிறு துண்டுகளாகத்தான் வரும். அன்று முடியாவிட்டால் மறுநாள் தொடரலாம். தடித்த எழுத்துக்களும் சின்னங்களும் ஒட்டியிருந்தால், சூடு காட்டியபின் அவற்றின் அடியில் மீன்பிடி நைலான் நூலை நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல் இழுத்தால் கழன்று வரும்.

ஸ்டிக்கர் போனபின் பிசுபிசுப்பு மிஞ்சும். தேங்காய் எண்ணெயை அதன்மேல் தடவிக் கால்மணி நேரம் ஊறவிட்டு, மென்மையான பருத்தித் துணியால் துடையுங்கள். அடங்காத இடத்தில் துணியில் சிறிது மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கலாம். ஆனால் முதலில் கதவின் உள்விளிம்பில் சோதித்து, நிறம் துணியில் ஏறவில்லை என உறுதி செய்துகொள்ளுங்கள். மண்ணெண்ணெய் உள்ள இடத்தில் ஹேர் டிரையரோ நெருப்போ கூடாது. குழந்தைகளையும் அருகில் விடாதீர்கள். தின்னர், நகப்பூச்சு நீக்கும் திரவம், பிரேக் எண்ணெய் ஆகியவை பெயிண்டையே கரைப்பவை, இவற்றை நெருங்கவிடாதீர்கள். பெட்ரோலும் வேண்டா, அதன் ஆபத்து பெயிண்டோடு நிற்காது. இறுதியில் சோப்பு நீரால் கழுவி, உலர்ந்தபின் மெழுகுப் பாலிஷ் இடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பழைய எழுத்துக்களின் சாயல் தெரியலாம். சுற்றியுள்ள பெயிண்ட் வெயிலில் வெளிறிவிட, ஸ்டிக்கருக்கு அடியில் இருந்தது மட்டும் புதிதாய் நிற்பதே இதற்குக் காரணம். பாலிஷ் போட்டால் ஓரளவு மங்கும். முற்றிலும் மறையும் என உறுதி கூற இயலாது. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் மேற்பூச்சு சிறிது குறைவதால், பட்டறைக்காரர் மீண்டும் மீண்டும் தேய்க்க முன்வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

கண்ணாடியின் சங்கதி வேறு. சோப்பு நீரில் நனைத்தபின் அதில் பிளேடு பயன்படுத்தலாம். எனினும் பின் கண்ணாடியின் உட்புறத்தில் பனி நீக்கும் மெல்லிய கம்பிக் கோடுகள் இருந்தால், அங்கே பிளேடு கூடாது. முன் கண்ணாடியில் உள்ள எல்லாவற்றையும் எடுத்துவிடவும் கூடாது. வாகன எண்ணைத் தாங்கிய ஹாலோகிராம் ஸ்டிக்கர், 2019 ஏப்ரல் முதல் புதிய வாகனங்களுக்குக் கட்டாயமான பாதுகாப்பு எண் தகட்டோடு சேர்ந்தது. அது நிற்க வேண்டும். ஃபாஸ்டேகை உரித்தால் அது பயனற்றுப் போகும். பழைய உரிமையாளரின் பெயரில் இருப்பின், அவர் தம் வங்கியில் கணக்கை முடித்தபின்னரே அகற்றுங்கள்.

நம் வீட்டு வண்டிகளில் பயண துஆவும் இறைவசனங்களும் ஒட்டப்பட்டிருப்பது வழக்கம். நிறம் மங்கியதும் அவற்றை மாற்ற நேரும். அவற்றைச் சுரண்டித் துகள்களாகத் தரையில் சிந்தவிட நம் மனம் இடம் தராது. இங்கும் வெந்நீர்த் துணியே கைகொடுக்கும். நன்கு ஊறவைத்து முழுதாக எடுத்து, குப்பையில் சேராமல், காலடி படாத தூய இடத்தில் புதைத்துவிடலாம்.

ஒரு சொல் மீதமுள்ளது. கீறலையும் நசுங்கலையும் மறைக்கவே சிலர் ஸ்டிக்கர் ஒட்டுகின்றனர். பழைய வண்டி வாங்குவோர் அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்து, அடியில் என்ன உள்ளது எனக் கேட்டு வாங்குங்கள். விற்பவர் நாமாயின், வாங்குபவர் கேட்குமுன்பே அதனைச் சொல்லிவிட வேண்டும். விலை சிறிது குறையலாம். அந்தப் பணத்தில் பரக்கத் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.