மிரட்டி நடக்கவைத்தால் பதட்டம் தீருமா?

கேரளத்தில் வயது வந்தவர்களில் நால்வரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்கிறது 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு. திருவனந்தபுரத்தில் ‘தினமும் நடக்கணும்’ என்று சொல்லாத டாக்டரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்குள்ள மியூசியம் வளாகத்திலும் கனகக்குன்னிலும் காலையில் சேரும் கூட்டத்தில் இந்த அறிவுரைக்கும் பங்கு உண்டு. நடந்தால் மன அழுத்தமும் பதட்டமும் குறையும் என்பார்கள். பொய்யில்லை. ஆனால் எதற்காக நடக்கிறோம் என்பதைப் பொறுத்தும் அந்தப் பலன் கூடும், குறையும்.

பிடித்துச் செய்வதும், குற்றவுணர்வுக்கோ வீட்டாரின் நச்சரிப்புக்கோ பயந்து செய்வதும் ஒன்றல்ல என்று அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் இருவரும் பல பத்தாண்டுகளாக வாதிட்டவர்கள். பயந்து தொடங்கியது பெரும்பாலும் நிலைப்பதில்லை. நிலைத்தாலும், ஒரு நாள் தவறினால் அன்று முழுக்க மனம் அரிக்கும். பதட்டத்தைத் தணிக்கப் போன இடத்தில் புதிதாக ஒரு பதட்டம். அலுவலகங்கள் நடத்தும் ‘யார் அதிக அடி நடந்தார்’ போட்டிகளை நான் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான். வேலையில் இருக்கும் இலக்கு போதாதா?

பதட்ட நோய் உள்ளவர்களின் சங்கடம் வேறு. வேகமாக நடந்தால் நெஞ்சு படபடக்கும், மூச்சு வாங்கும், வியர்க்கும். திடீர்ப் பீதி வரும்போதும் இதேதான் நடக்கும். அதனால் அவர்களில் பலர் உடற்பயிற்சியையே தவிர்க்கிறார்கள். நாமோ அவர்களைச் சோம்பேறி என்கிறோம். ‘நடக்காவிட்டால் மாரடைப்பு வரும்’ என்று அவர்களை மிரட்டினால் ஒவ்வொரு படபடப்பும் மாரடைப்பாகத்தான் தோன்றும். மெதுவாகத் தொடங்கிச் சிறிது சிறிதாக வேகம் கூட்டினால், இந்தப் படபடப்பில் ஆபத்தில்லை என்று அனுபவத்திலேயே தெரியவரும். உளவியல் சிகிச்சையாளர்கள் இதை ஒரு முறையாகவே கையாள்கிறார்கள்.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெய்யாற்றின்கரை தாலுக்காவில் ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மிரட்டாத வழி ஒன்றைச் சோதித்தார்கள். 60 வாக்குச்சாவடிப் பகுதிகள், சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள 1,007 பேர். அந்தப் பகுதிகளில் பாதியில் அக்கம்பக்கத்தாரையே குழுக்களாகச் சேர்த்து, அவர்களுக்குள்ளிருந்தே வழிநடத்துவோரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2018இல் வெளியான முடிவுகளைப் பெரிதுபடுத்தக் கூடாது: இரண்டாண்டில் நோய் வருவது உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. ஆனால் குழுக்களில் இருந்தோரிடம் குடி குறைந்தது, காய்கறி பழம் கூடியது, அன்றாட வேலைகளுக்கான உடல்திறன் மேம்பட்டது. பதட்டத்தை அளப்பது அதன் நோக்கமல்ல. எனினும் பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து செய்வதில் டாக்டரின் மிரட்டலில் இல்லாத பிடிப்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

2017இல் தொடங்கிய கேரள அரசின் ‘ஆர்த்ரம்’ திட்டத்தின் குடும்ப ஆரோக்கிய மையங்களில் சர்க்கரைக்கும் மருத்துவம் உண்டு; மனச்சோர்வுக்கு ‘ஆஸ்வாசம்’ கிளினிக்கும் உண்டு. ஒரே கூரையின்கீழ் இருக்கும் இந்த இரண்டையும் இணைக்கப் புதிய கட்டடம் தேவையில்லை. சர்க்கரைச் சீட்டில் ‘நடை’ என்று எழுதும் முன், நடக்க என்ன தடை, யாரோடு நடக்கப் பிடிக்கும், காலை ஆறு மணிக்குச் சமையலறையில் நிற்கும் பெண்ணுக்கு எந்த நேரம் ஒத்துவரும் என்று கேட்டாலே போதும்.