தேருக்கு முன்னே எத்தனை தேங்காய்?

தைப்பூசம் என்றால் தோட்டத்து ஜனங்களுக்குப் பினாங்குதான். கெடாவிலிருந்தும், செபராங் பிறையிலிருந்தும், வட பேராக்கிலிருந்தும் வாடகை பஸ் பேசி, கைப்பிள்ளையும் சோற்றுப் பொட்டலமுமாகக் கிளம்பிப் போகிறவர்கள் நம்மவர்கள். போகட்டும், போகத்தான் வேண்டும். வருஷம் முழுக்கச் செம்பனைக் குலையோடு மல்லுக்கட்டுகிற மனிதனுக்கு அது ஒன்றுதான் திருநாள். அந்த நாளில் அவன் கையைவிட்டுப் போகிற காசைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

பூசத்துக்கு முதல் நாள் காலையில், பினாங்கு ஸ்திரீட்டில் உள்ள கோயில் வீட்டிலிருந்து முருகப் பெருமான் வெள்ளி ரதத்தில் ஏறுகிறார். தண்ணீர்மலைக் கோயில் என்று நாம் சொல்லுகிற வாட்டர்பால் ரோடு நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போய்ச் சேர இரவாகிவிடுகிறது. காரில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாத தூரம். தெருவுக்குத் தெரு அர்ச்சனைத் தட்டுகள், குழந்தைகளைத் தூக்கிக் காட்டும் தாய்மார்கள், சாலை நெடுகத் தேங்காய்க் குவியல்கள். எல்லாவற்றையும் தாண்டித்தானே ரதம் நகர வேண்டும்!

இந்த ரதம் காரைக்குடியில் செய்யப்பட்டு, 1894ஆம் ஆண்டு கப்பலேறிப் பினாங்குக்கு வந்தது. கொண்டுவந்தவர்கள் செட்டியார்கள். ஆனால் அதைச் சுற்றி நின்ற கூட்டம் யாருடைய கூட்டம்? கங்காணி கைகாட்டிய கப்பலில் ஏறி வந்து, லயத்துக் காம்பராவில் குடியிருந்த நம் பாட்டன் பாட்டிமார்களும் அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள்தான். ரதம் செட்டியார்களுடையது, முருகன் எல்லோருக்கும் சொந்தம் என்று அன்றைக்கே ஆகிவிட்டது. இன்று சீனர்களும் நேர்ந்துகொண்டு காவடி எடுக்கிறார்கள், தேங்காய் உடைக்கிறார்கள்.

தேங்காய் உடைப்பது நம் பழைய வழக்கம். ஊர்ப் பக்கத்தில் சூறைத் தேங்காய் என்பார்கள். பிள்ளையார் முன்னே ஓங்கி அடித்ததும், காத்திருக்கும் சிறுவர்கள் பாய்ந்து பொறுக்கித் தின்பார்கள். சாமிக்கு உடைத்தது ஏழைப் பிள்ளையின் வாயில் போய்ச் சேர்ந்தது. பினாங்குச் சாலையில் அப்படியா நடக்கிறது? உடைந்த சில்லு மண்ணிலும் தாரிலும் புரண்டு, ஆயிரம் கால் மிதித்து, கடைசியில் மாநகர் மன்றத்தின் குப்பை லாரியில் ஏறுகிறது. யார் வாய்க்கும் போகவில்லை. காவடி எடுத்து வெறுங்காலோடு நடக்கிறவனின் பாதத்தில் ஓடு குத்தியதுதான் மிச்சம். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் எத்தனையோ வருஷமாக இதைக் குறைக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறது.

பெரிய பெரிய வியாபாரிகள் ஆயிரக்கணக்கில் உடைக்கிறார்களே என்று கேட்கலாம். அது அவரவர் கையிருப்பு. நமது கணக்கைப் பார்ப்போம்.

2025ஆம் ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. இருபத்தாறு நாளுக்குப் பங்கு போட்டால் ஒரு நாளைக்கு 65 வெள்ளிச் சொச்சம். தேங்காய் ஒன்று மூன்று வெள்ளி என்றே வைத்துக்கொள்ளுங்கள். 108 தேங்காய் உடைத்தால் 324 வெள்ளி. ஐந்து நாள் கூலி! ஐந்து நாள் விடியற்காலையில் எழுந்து, பனியில் நனைந்து, தலைக்கு மேலே இருக்கும் குலையை நீளக் கம்பால் அறுத்துத் தள்ளிய உழைப்பு, ஐந்தே நிமிஷத்தில் சாலையில் சிதறிப் போகிறது. ரதத்தைக் கொண்டுவந்த செட்டியார்கள் கணக்குக்குப் பேர்போனவர்கள். அவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் என்ன சொல்லியிருப்பார்கள்?

இதோடு பஸ் வாடகை, சாப்பாடு, பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான். கெடாத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. பினாங்கில் தைப்பூசம் மாநிலப் பொது விடுமுறை. கெடாவில் 2021ஆம் ஆண்டு அந்த விடுமுறையையே ரத்து செய்தார்கள். லீவு கிடைக்காத வருஷத்தில் ஒரு நாள் கூலியும் போகும். முன்பணம் வாங்கிப் போகிற குடும்பங்களை நாம் அறிவோம். அந்த முன்பணம் அடுத்த மாதச் சம்பளச் சீட்டில் பல்லைக் காட்டும்.

2017ஆம் ஆண்டு முதல் முறையாகத் தங்க ரதமும் ஓடியது. இந்து அறப்பணி வாரியத்தின் முயற்சியில் வந்த அந்த ரதத்தில் வேல் எழுந்தருளியது. குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலிலிருந்து ஒரு ரதம், கோயில் வீட்டிலிருந்து ஒரு ரதம். எது முன்னே, எது பின்னே என்று பெரியவர்கள் வாதாடினார்கள். அந்த வழக்கில் நமக்கு வேலை இல்லை. ஆனால் தோட்டத்து அம்மா என்ன கேட்கிறாள்? "அந்தத் தேருக்கு அம்பது உடைச்சா, இந்தத் தேருக்கும் அம்பது உடைக்கணும்ல, சாமி கோவிச்சுக்கும்ல?" வேலும் முருகனும் ஒன்றுதான், தாயே. ஒரு தேங்காய் இரண்டுக்கும் போதும்.

"நேர்ந்துக்கிட்டேங்க, விட முடியுமா?" என்பார்கள். பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது வாயில் வந்த வார்த்தை அது. அதைக் கேலி செய்ய நமக்கு வாய் வராது. நேர்ந்ததை நிறைவேற்றுங்கள். ஆனால் அடுத்த முறை நேரும்போது எண்ணிக்கையைச் சொல்லாதீர்கள். பால்குடம் எடுக்கிறேன், படியேறி வருகிறேன் என்று நேருங்கள். 2012ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்ட மலைமேல் முருகன் கோயிலுக்கு 513 படிகள் இருக்கின்றன. ஏறிப் பாருங்கள், முழங்கால் சொல்லும் அது காணிக்கையா இல்லையா என்று. 2021இல் கோவிட் நோயினால் பினாங்குத் தெருக்களில் கூட்டமும் இல்லை, தேங்காய்க் குவியலும் இல்லை. அதற்காக முருகன் நம்மைக் கைவிட்டுவிட்டாரா?

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2026 முதல் பள்ளி ஆண்டு பழையபடி ஜனவரியில் தொடங்குகிறது. பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். சட்டை, காலணி, புத்தகப்பை, பள்ளி பஸ் என்று வீட்டில் காசு கரைகிற அதே நேரம். தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பெண் போன வருஷத்துக் கிழிந்த காலணியோடு போக, அப்பன் நூறு தேங்காய் உடைத்தான் என்றால், அதைப் பார்க்கிற முருகனுக்கு மனசு கேட்குமா?

கோயில் கமிட்டித் தலைவர்களுக்கு ஒரு வார்த்தை. பஸ் பேசுகிற கூட்டத்திலேயே இதையும் பேசிவிடுங்கள். தோட்டத்தின் பேரால், எல்லாக் குடும்பத்துக்கும் சேர்த்து, ஒரே ஒரு தேங்காய். தலைக்குப் பத்து வெள்ளி வசூலித்தால், மிஞ்சியதை நோட்டுப் புத்தகமாக வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். வசூல் கணக்கைக் கோயில் சுவரில் ஒட்டுங்கள், பெண்கள் வந்து படித்துப் பார்க்கட்டும். தேங்காயை யார் உடைப்பது என்று சண்டை வந்தால், தோட்டத்திலேயே வயதில் மூத்த பாட்டியிடம் கொடுத்துவிடுங்கள்.