மஃரூப் என்ற பெயரை ஏன் கைவிடுகிறோம்?



கிண்ணியா, மூதூர், புல்மோட்டை, திருமலை டவுண் என்று எங்கு போனாலும் ஐம்பது வயது தாண்டிய ஒரு மஹ்ரூப் காக்காவாவது இருப்பார். 1997இல் கொல்லப்பட்ட நமது மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் எம்.ஈ.எச். மஹ்ரூபை அறியாத பெரியவர்கள் இல்லை. ஆனால் இன்று முதலாம், இரண்டாம் தர இடாப்பைக் கூப்பிடும்போது, அந்தப் பெயர் வாப்பாவின் பெயராகத்தான் வருகிறது. பிள்ளையின் பெயராக வருவது அருமை.

காரணம் கேட்டால் "அது பழைய பெயர் சேர்" என்கிறார்கள். போனில் தேடி, ஊரில் யாருக்கும் இல்லாத பெயராக எடுக்கிறோம். அர்த்தம் கேட்டால் "குர்ஆனில் வருகிற சொல்" என்று பதில். குர்ஆனில் நெருப்புக்கும் புகைக்கும்கூட சொல் வருகிறது. வருவது மட்டும் போதாது, என்ன பொருளில் வருகிறது என்று பார்க்க வேண்டாமா?

மஃரூப் குர்ஆனில் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் வரும் சொல். அய்ன், றா, ஃபா என்ற மூன்றெழுத்து வேர், 'அறிதல்' என்பது கருத்து. அறஃபா என்பதிலும், அறிமுகத்தைக் குறிக்கும் தஆருஃப் என்பதிலும் இருப்பவை இதே எழுத்துகள்தான். மஃரூப் என்றால் நேரடியாக 'அறியப்பட்டது'. அதிலிருந்துதான் 'நன்மை' என்ற பொருள் வருகிறது. எதிர்ச்சொல்லான முன்கர், மனம் ஏற்காத, அந்நியமாகத் தெரிகிற காரியம். அதாவது, நல்லது என்று நாலு பேர் பார்த்தவுடன் அடையாளம் காண்பதே மஃரூப். தமிழரும் சிங்களவரும் அக்கம்பக்கமாக வாழும் இந்த மாவட்டத்தில் அந்த நாலு பேரில் அவர்களும் அடங்குவார்கள் என்றே நாம் விளங்குகிறோம்.

நன்மையை ஏவுதல் என்ற இடத்தில் இச்சொல்லை எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால் மனைவியோடு நடந்துகொள்ளும் முறை, தலாக்கின்போது பெண்ணுக்குரியதைக் கொடுக்கும் முறை பற்றிய வசனங்களிலும் இதே சொல்தான் வருகிறது. அதை பயான்களில் அவ்வளவாகக் கேட்டதில்லை.

பக்தாதில் வாழ்ந்த சூஃபி மஃரூப் அல்கர்கீ முதல், 2019இல் இந்தோனேசியாவின் துணை ஜனாதிபதியான மஃரூப் அமீன் வரை இப்பெயர் பரந்து கிடக்கிறது. நம் நாட்டில் கிரிக்கெட் பார்த்தவர்களுக்கு பர்வீஸ் மஹ்ரூப் போதும். 2006 சம்பியன்ஸ் கிண்ணத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 14 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்தவர்.

இனி எழுத்துக்கு வருவோம். தொண்டையிலிருந்து வரும் அய்னுக்குத் தமிழில் எழுத்து இல்லை. மூத்தம்மாமார் படித்த அரபுத்தமிழில் இந்தச் சிக்கல் இருக்கவில்லை, அரபு எழுத்தே இருந்தது. தமிழ் எழுத்தில் வந்தபோது 'ஹ்' போட்டோம். அந்த 'ஹ்'வை அரபியின் ஹா என்று யாராவது வாசித்தால் வேரே மாறிவிடும். அந்த வேரிலிருந்துதான் திரித்தல் என்று பொருள்படும் தஹ்ரீஃப் வருகிறது. இதற்காக மஹ்ரூப் காக்காமார் யாரும் பெயரை மாற்ற வேண்டியதில்லை, அவர்களை ஊர் அறியும். புதிதாக வைப்பவர்களுக்கு மட்டும் சொல்கிறோம், ஆய்த எழுத்து அய்னுக்கு இன்னும் கிட்ட நிற்கிறது.

ஆங்கிலத்தில் இன்னும் மோசம். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம், கடவுச்சீட்டில் மூன்றாவது விதம். சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பம் நிரப்பும் நாளில்தான் வாப்பா அதைக் காண்கிறார். பிறகு சத்தியக் கடதாசிக்கு அலைச்சல். கட்டார் வேலைக்குப் போக நிற்கும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆகவே பிறப்பைப் பதியப் போகுமுன், பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதுங்கள். ஓதிக்கொடுக்கும் மௌலவியிடம் அரபியில் எழுதித் தரச் சொல்லி, பொருளையும் கேளுங்கள். அந்தத் தாளையே பதிவாளரிடம் கொடுங்கள். இந்த வருடம் யாராவது மஃரூப் என்று வைத்தால் கொமெண்டில் சொல்லுங்கள், ஐந்து வருடம் கழித்து எங்கள் இடாப்பில் கூப்பிடக் காத்திருக்கிறோம்.