ஏரியை மட்டும் பார்த்தால் போதுமா?

லடாக் சுற்றுலா போய் வருகிறவர்கள் தவறாமல் காட்டுவது பாங்காங் ஏரி போட்டோவைத்தான். 2009-ல் வந்த 'த்ரீ இடியட்ஸ்' ஹிந்திப் படத்தின் கடைசிக் காட்சியில் வருமே, அதே நீல ஏரி! அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால், அந்தக் கரையிலும் நம்மைப் போல அடுப்பு மூட்டும் பெண்கள் இருக்கிறார்கள் என்பதை எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

ஏறக்குறைய 14,000 அடி உயரத்தில் இருக்கிறது அந்த ஏரி. அங்கே தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாவிட்டால் பருப்பு லேசில் வேகாது. ஏரித் தண்ணீரோ உப்பு. குளிர்காலத்தில் அதுவும் உறைந்து போகும். 134 கி.மீ. நீள ஏரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நம் கையில்; மீதி சீனாவிடம்.

இந்தக் குளிரில் ஆடு மேய்த்துப் பிழைப்பவர்கள் சாங்பா மக்கள். நாம் கடையில் தொட்டுப் பார்த்து, விலையைக் கேட்டதும் வைத்துவிட்டு வருகிறோமே பஷ்மினா சால்வை, அதற்கு ரோமம் தருவது இவர்கள் வளர்க்கும் ஆடுகள்தான்.

2020-ல் எல்லையில் மோதல் வந்தது. ஜூன் மாதம் கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் உயிர் விட்டார்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் அதில் ஒருவர். 2021 பிப்ரவரியில் இரண்டு படைகளும் ஏரிக்கரையிலிருந்து பின்வாங்கின. சண்டை ஓய்ந்ததில் நிம்மதிதான். ஆனால், காலங்காலமாக மேய்த்த நிலம் கைவிட்டுப் போய்விட்டதே என்று சுஷுல் பக்கத்து மக்கள் புலம்புகிறார்கள். மேய்ச்சல் இல்லையென்றால், ஆட்டை விற்றுவிட்டு டவுனுக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதானே?

அவர்கள் ஊரைக் காலி செய்தால் நஷ்டம் நமக்கும்தான். இதே லடாக்கில், 1999-ல் கார்கில் மலையில் அன்னியர் ஊடுருவியதைக் கண்டு ராணுவத்துக்குச் சொன்னது யார்? காணாமல் போன தன் யாக் எருமையைத் தேடிப் போன தாஷி நம்கியால் என்ற மேய்ப்பர்! ஆள் குடியிருந்தால்தான் எல்லைக்குக் காவல்.

நம் சுற்றுலாக்காரர்களோ, 2022-ல் ஏரித் தண்ணீருக்குள்ளேயே காரை ஓட்டி வீடியோ எடுத்தார்கள்! "நாங்க வர்றதாலதானே அவங்களுக்கு வருமானம்?" என்று கேட்கலாம். வாஸ்தவம்தான். ஆனால், அது கோடையில் சில மாதப் பிழைப்பு. கூட்டம் கலைந்த பிறகும் கூடவே இருப்பது ஆடுதான்.

2024 அக்டோபரில் டெப்சாங், டெம்சோக் பகுதிகளில் ரோந்துக்கும் மேய்ச்சலுக்கும் வழி பிறந்ததே, அது போல ஏரிப் பக்கத்து மேய்ச்சலுக்கும் அரசாங்கம் வழி செய்யட்டும். பேச்சுவார்த்தைக்கு முன் அந்தக் கிராமத்துப் பெண்களையும் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

அங்கே போகும் சகோதரிகளே! காலி பாட்டிலையும் பிஸ்கெட் கவரையும் ஒரு பையில் போட்டுத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். அந்தப் பெண்கள் கையால் பின்னிய கம்பளிக் குல்லாயோ சாக்ஸோ கிடைத்தால், பேரம் பேசாமல் வாங்குங்கள். போட்டோ நாலு நாளில் மறந்து போகும். அவர்கள் அங்கேயே வாழ வேண்டுமே!

– ஒரு குடும்பத் தலைவி, திண்டுக்கல்.