எவருடைய ‘இயல்பு’? விடால் சோதனை முடிவை வாசிப்பது குறித்து

காய்ச்சல் சில நாள் நீடித்தால், புத்தலப்பட்டு போன்ற ஊர்களில் எழுதித்தரப்படும் முதல் இரத்தப் பரிசோதனைகளுள் ஒன்று விடால். முடிவுத்தாளில் 1:80 என்றோ 1:160 என்றோ ஓர் எண் அச்சாகி வரும். வீட்டார் அதை ‘டைபாய்டு’ என்று வாசித்துக்கொள்வர். அந்த எண் சொல்வது அதுவன்று என்பதே என் வாதம்.

1896-இல் பிரான்சின் ஃபெர்னான் விடால் நடைமுறைக்குக் கொண்டுவந்த இச்சோதனை கிருமியைத் தேடுவதில்லை. டைபாய்டுக் கிருமியின் ஓ, எச் கூறுகளுக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளையே தேடுகிறது. சீரத்தைப் படிப்படியாக நீர்க்கச் செய்து, எந்த அளவு வரை கிருமிகள் ஒட்டித் திரள்கின்றன என்று பார்க்கின்றனர். எண்பது மடங்கு நீர்த்த பின்னும் திரட்சி தெரிந்தால் 1:80. இதுவே டைட்டர்.

எதிர்ப்பொருள், இரத்தச் சர்க்கரையைப் போன்றதன்று. சர்க்கரையை உடல் ஒரு குறுகிய எல்லைக்குள் நிறுத்தி வைக்கிறது. அதற்கு ஏறத்தாழப் பொதுவான வரம்பு சாத்தியம். எதிர்ப்பொருளோ ஒருவர் கடந்துவந்த தொற்றுகளின் பதிவேடு. பழைய டைபாய்டும், உறவுடைய பிற சால்மொனெல்லா கிருமிகளும் அதில் தடம் விட்டிருக்கும். டைபாய்டு பரவலாக உள்ள பகுதிகளில் நலமாக நடமாடுவோரிடமும் 1:40, 1:80 காணப்படுவது நுண்ணுயிரியலாளர் நெடுங்காலமாக அறிந்த செய்தி. அவ்வாறாயின் ‘இயல்பு வரம்பு’ என்று அச்சிடுவது எவருடைய இயல்பை? சோதனைப் பொருளைத் தயாரித்த நிறுவனம் தந்த வரம்பா, சித்தூர் மாவட்டத்து மக்களிடம் அளந்து பெற்ற வரம்பா?

ஒரு கணக்கைப் பார்ப்போம். காய்ச்சலோடு வரும் நூறு பேரில் ஐவருக்கே டைபாய்டு என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ளவரில் 80 விழுக்காட்டினரையும், நோயற்றவரில் 80 விழுக்காட்டினரையும் சோதனை சரியாகக் காட்டுகிறது எனக் கொள்வோம். ஐவரில் நால்வருக்கு ‘பாசிட்டிவ்’ வரும். மற்ற 95 பேரில் 19 பேருக்கும் வரும். ஆக, 23 ‘பாசிட்டிவ்’ தாள்களில் நான்கு மட்டுமே மெய். சோதனை பழுதாக நடந்ததன் விளைவன்று இது, கணிதத்தின் விளைவு.

அந்தப் பத்தொன்பது பேருக்கு என்ன காய்ச்சல் என்பதுதான் உயிரோடு தொடர்புடைய கேள்வி. திருப்பதி, சித்தூர், வேலூர் வட்டாரத்தில் ஸ்க்ரப் டைபஸ் நன்கு அறியப்பட்ட நோய். புதர்களில் வாழும் நுண்ணிய உண்ணியினத்தின் இளம்புழு கடிப்பதால் பரவுவது. டைபாய்டுக்கு எழுதப்படும் செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் ஆகியவை இதற்குப் பயன்படா; மலிவான டாக்சிசைக்ளின் பயன்படும். விடால் தாளை நம்பிக் கழியும் ஒரு வாரத்தில் நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். உடலில் எங்கேனும் கருகிய புண் உள்ளதா என்று தேடும் இரண்டு நிமிடம், பல வேளைகளில் அந்த எண்ணைவிடப் பயனுடையது.

விடாலை முற்றிலும் விலக்கச் சொல்வது எளிது, நேர்மையன்று. இரத்த வளர்ப்புச் சோதனைக்கு ஆய்வகம், பணம், சில நாள் காத்திருப்பு யாவும் வேண்டும். அதுவும் டைபாய்டு நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரைத் தவறவிடக்கூடும். எளிய மக்களின் மருத்துவர் மலிவான சோதனையை நாடுவதில் நியாயம் உண்டு. ஆனால், தவறான மருந்துக்கும் தாமதத்துக்கும் ஆகும் செலவையும் சேர்த்தால் அது மலிவன்று.

செய்யத்தக்கவை சில உள. எந்த முறையில் சோதித்தனர், கண்ணாடித் தகட்டிலா, குழாயிலா, வரம்பு எங்கிருந்து பெறப்பட்டது என்பவற்றை ஆய்வகங்கள் தாளிலேயே அச்சிட வேண்டும். வாய்ப்புள்ள இடங்களில் நுண்ணுயிர்க்கொல்லி தொடங்குமுன் இரத்த வளர்ப்புக்கு மாதிரி எடுக்க வேண்டும். எதிர்ப்பொருளையே நம்ப நேர்ந்தால், பத்துப் பதினான்கு நாள் இடைவெளியில் இருமுறை அளந்து நான்கு மடங்கு உயர்வைத் தேடுவதே பொருளுடையது. ஒற்றை எண் ஒரு நிழற்படம் மட்டுமே.

மூன்றாவது நம் பணி. நலமாக உள்ளோரின் அடிப்படை டைட்டரை வட்டாரந்தோறும், சில ஆண்டுகளுக்கொருமுறை அளப்பது முதுகலை மாணவர் ஒருவர் முடிக்கக்கூடிய ஆய்வு. பெரிய இதழ்களில் இடம்பெறாமல் போகலாம். ஆயினும் அந்த ஒரு பக்க அட்டவணை இல்லாமல் இங்கு எழுதப்படும் ஒவ்வொரு விடால் முடிவும் கடன் வாங்கிய இயல்பின்மேல் நிற்கிறது. அதுவரை, ஆங்கிலத் தாளின் அடியில் தெலுங்கிலும் தமிழிலும் ஒரு வரியேனும் சேர்க்கலாம்: ‘இந்த எண் தனித்து நோயைக் காட்டாது, மருத்துவரிடம் கேட்டறிக.’